கரை தொடும் கப்பல்கள்

நமது கடற்படைக்குப் பெரிய கரையிறக்கக் கப்பல்கள் அவசியமே என்று பாதுகாப்புக் கொள்முதல் சபையார் 2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 23-ந் தேதி ஒப்புக்கொண்ட செய்தியை நேயர்கள் வாசித்திருப்பார்கள். அன்று ஒப்புக்கொள்ளப்பட்ட பல திட்டங்களின் மொத்த மதிப்பு சுமார் 79,000 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டபடியால், ஜனங்களின் கவனமெல்லாம் தொகையின்மீதே சென்றது. இதே வகைக் கப்பல்களுக்காக 2013-ல் விலைப் பத்திரங்கள் கோரப்பட்டதும், விஷயம் ஏழு வருஷம் இழுபட்டதும், 2020-ல் முயற்சியே கைவிடப்பட்டதும் பலருக்கு மறந்து போயின. இம்முறையாவது காரியம் கைகூடுமாயின் நாம் சந்தோஷப்படுவோம். ஆயினும் அந்தச் சந்தோஷத்தின் நடுவே ஒரு விஷயத்தை அலக்ஷியம் செய்துவிடலாகாது என்பதற்காகவே இதை எழுதப் புகுகிறோம்.

இப்போது வாங்கக் கருதியிருக்கும் பெரிய கப்பல்கள் கரையைத் தொடுவன அல்ல. அவை கடலில் வெகு தூரத்தில் நின்றுகொண்டு, தம் வயிற்றிலுள்ள நீர்த்தொட்டியிலிருந்து சிறு படகுகளை வெளியே விடும். மணலில் தலையை முட்டிக் கதவைத் திறந்து, ஆளையும் அரிசியையும் மருந்தையும் லாரியையும் இறக்கும் வேலை வேறு ஜாதிக் கப்பலுக்கு உரியது. அந்த ஜாதி நம்மிடம் குறைந்துகொண்டு வருகிறது. 2023-ஆம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி மகர் என்னும் கப்பலுக்குக் கொச்சியில் விடை கொடுக்கப்பட்டது. 2024 ஜனவரி 12-ந் தேதி சீட்டா, குல்தார், கும்பீர் என்ற மூன்றும் அந்தமானில் ஒரே நாளில் ஓய்வு பெற்றன. ஒன்பது மாதத்துக்குள் நான்கு கப்பல்கள் போயின. எஞ்சியிருக்கும் பெரியவை கரியால், சார்தூல், கேசரி, ஐராவத் என்ற நான்கே. இவற்றுடன், கல்கத்தாவில் கட்டப்பெற்று 2017 முதல் 2021 வரை சேர்ந்த எட்டுச் சிறு கப்பல்கள் உண்டு. நான்காயிரம் மைலுக்கு மேற்பட்ட கடற்கரையும், நூற்றுக் கணக்கான தீவுகளும் உடைய தேசத்துக்கு இவ்வளவுதான் கையிருப்பு.

கணக்கு இருக்கட்டும். கரை தொடுவதென்றால் என்னவென்பது நமது பொதுஜனத் தலைவர்களுக்கு, ஏன், கப்பல்களுக்குப் பணம் அனுமதிக்கும் சட்டசபை அங்கத்தினர்களுக்கே, விளங்கியிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அதில் ஆச்சரியமுமில்லை. சட்ட நூல்கள் கற்ற நமக்கே கப்பல் தரை தட்டுவது என்றால் ஆபத்து என்ற ஒரே பொருள்தான் பாடமாகியிருக்கிறது. நஷ்டத்தை யார் ஏற்பது, இன்ஷியூரன்ஸ் கம்பெனி எவ்வளவு கொடுப்பது, மாலுமி வேண்டுமென்றே தரை தட்டவிட்டானா, காற்றுத் தள்ளியதா என்றுதான் வாதங்கள் நடக்கும். ஆனால் இந்த ஒரு ஜாதிக் கப்பலுக்கு மட்டும் தரை தட்டுவதே தொழில். மற்றக் கப்பலுக்கு மரணம் எதுவோ, அதை இது நாள்தோறும் செய்துவிட்டு எழுந்து போகவேண்டும்.

மிதக்கும் கப்பலை ஜலம் அடி முழுவதிலும் தாங்குகிறது. எங்கே பாரம் அதிகமோ அங்கே தாங்கலும் ஏறக்குறைய அதற்கிசையவே இருக்கும்படி கப்பல் நிர்மாணிகள் அமைத்துவிடுகிறார்கள். அணியம் மணலைத் தொட்ட க்ஷணத்தில் இந்த ஏற்பாடு குலைகிறது. அதுவரை தண்ணீர் சுமந்த பாரத்தில் ஒரு பங்கை இப்போது பூமி சுமக்கிறது. தண்ணீரைப் போல் பூமி எங்கும் பரவித் தாங்குவதில்லை. தொட்ட இடத்தில் மட்டும் குத்தித் தாங்குகிறது. வேகமாக வந்து முட்டினால் அந்தக் குத்து பயங்கரமாகிவிடும். வேகம் இரட்டித்தால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த கணிதம். மிக மெதுவாக வந்தாலோ கப்பல் வெகு தூரத்திலேயே நின்றுவிடும், இறங்குகிறவன் கழுத்தளவு நீரில் இறங்கவேண்டியிருக்கும்.

தொட்டு நின்ற பிறகுதான் மெய்யான சோதனை. நேயர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 300 அடி நீளமும் 50 அடி அகலமும் உடைய தட்டையான அடியுள்ள ஒரு கப்பல் மணலில் படிந்துவிட்டதென்றும், ஓதம் ஓர் அடி வற்றியதென்றும் வைத்துக்கொள்வோம். 15,000 கன அடி ஜலத்தின் தாங்கல் அதற்கு இல்லாமற் போய்விட்டது. கடல்நீர் 35 கன அடி ஒரு டன் நிறையாகையால், 400 டன்னுக்கு மேற்பட்ட பாரம் தண்ணீரிடமிருந்து மணலுக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். மூன்று அடி வற்றினால் ஏறக்குறைய 1,300 டன். மணல் சமமாயிருந்தால் அடித்தகடு இதைப் பொறுத்துக்கொள்ளும். நடுவில் மேடாயிருந்து முன்னும் பின்னும் பள்ளமாயிருந்தால், கப்பலின் முதுகு வில்லைப் போல் வளைய முற்படும். முன்னும் பின்னும் மேடாயிருந்து நடுவே பள்ளமாயிருந்தால் வயிறு தொங்கும். ஒரு பாறை ஒளிந்திருந்தால் சொல்லவேண்டியதே இல்லை. அன்றியும், பாரத்தின் ஒரு பங்கைக் கீழிருந்து பூமி தாங்கும்போது, கப்பல் நிமிர்ந்து நிற்கும் சக்தி குறைகிறது. கூரிய அடியுடைய கப்பல் அந்த நிலையில் பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். இதனாலேயே இந்த ஜாதிக்குத் தட்டை அடி. தட்டை அடியினாலேயே திறந்த சமுத்திரத்தில் இது உருளும், குதிக்கும், பிரயாணிகளை வாந்தியெடுக்க வைக்கும்.

இவ்வளவும் அமைதியான கடலில். அலையடிக்கும் கரையில் ஒவ்வோர் அலையும் கப்பலின் பின்புறத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. உள்ளேயிருக்கும் சட்டங்களுக்கு இடையிலே அடித்தகடு குழிந்து போகிறது. கரையோரமாக ஓடும் நீரோட்டம் பின்முனையை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அது வெற்றி பெற்றால் கப்பல் அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அதன் பின் அதை மீட்பது அரிது. ஆகையால் கரைக்கு வரும்போதே பின்முனையிலிருந்து ஒரு நங்கூரத்தை எறிந்துவிட்டு வருகிறார்கள். அது கப்பலை நேராக நிறுத்தும், திரும்பிப் போகும்போது அதையே பற்றிக்கொண்டு பின்னால் இழுத்துக்கொள்ளலாம். இறக்கவேண்டியதை இறக்கி, உள்ளே நிரப்பிய நீரையும் வெளியேற்றினால் மணலின்மேல் உள்ள பாரம் குறையும். பாரம் குறைந்தால் உராய்வும் குறையும். சேற்றுக் கரையானால் உராய்வோடு சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பிடியும் சேருகிறது.

இந்தத் தத்துவம் நமது நாட்டார் அறியாததன்று. சென்னைக்குத் துறைமுகம் ஏற்படுவதற்கு முன் கப்பல்கள் கடலில் வெகு தூரத்தில் நிற்க, ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் இரும்பாணி கிடையாது, விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களும் கிடையாது. பலகைகளைக் கயிற்றுநாரால் தைத்திருப்பார்கள். மணலில் மோதும்போது அந்தப் படகு முறியாமல் நெளிந்து கொடுக்கும். ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் அதே அலையில் உடைந்து போயின. நமது மீனவர்களுக்குக் கப்பல் நிர்மாணக் கலாசாலை இல்லை, ஆனால் கரை எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதை அவர்கள் உடம்பால் அறிந்திருந்தார்கள். இரும்புக் கப்பல் அவ்வாறு நெளியாது. ஆதலால் வலிமையைத் தகட்டிலும் சட்டத்திலும் வைக்கவேண்டும், அறிவை மாலுமியிடம் வைக்கவேண்டும்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941 நவம்பரில், ஜான் நீடர்மெயர் என்ற அமெரிக்கக் கப்பல் நிபுணர் வரைந்த கோட்டுப் படத்திலிருந்து இக்காலத்துக் கரை தொடும் கப்பல் பிறந்தது. 328 அடி நீளமுள்ள அக்கப்பல் கரைக்கு வரும்போது முன்புறம் சுமார் 4 அடியும், பின்புறம் சுமார் 10 அடியும் ஆழ்ந்திருக்கும். அதாவது அதன் அடியே ஏறக்குறைய ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு கொண்டு, அதே சரிவுள்ள மணலில் நீளமாகப் படியும். சமுத்திரம் கடக்கும்போது தொட்டிகளில் நீரை நிரப்பி ஆழ்த்திக்கொள்வதும், கரைக்கு முன் அதை வெளியேற்றி எழுப்பிக்கொள்வதும் அதன் சூட்சுமம். ஆயிரத்துக்கு மேற்பட்டவை யுத்தத்துக்குள் கட்டப்பட்டன.

இவ்வளவு ஆலோசித்துக் கட்டியவர்களுக்கே ஓர் அச்சம் இருந்தது. நார்மண்டிக் கரையில் ஓதம் ஏறக்குறைய 20 அடி ஏறி இறங்கும். முழுப் பாரத்தோடு கப்பலை மணலில் விட்டு, கடல் முற்றிலும் வற்றும்வரை வைத்திருந்தால் முதுகெலும்பு முறிந்துவிடுமோ என்று அதிகாரிகள் தயங்கினர். 1944 ஜூனில் படைகள் இறங்கியபின், வேறு வழியின்மையால் துணிந்து பார்த்தனர். கப்பல்கள் முறியவில்லை. லாரிகள் உலர்ந்த மணலில் நேராக ஓடி இறங்கின. ஜூன் 19 முதல் 22 வரை அடித்த புயல் ஓமாஹாக் கரையின் செயற்கைத் துறைமுகத்தைச் சிதைத்தபோது, பெரும் செலவில் கட்டிய துறை போய், மணலிலே குந்தியிருந்த கப்பல்கள் யுத்தத்தைச் சுமந்தன. இதில் கவனிக்கத்தக்கது, அந்தக் கரையின் மணல், சரிவு, ஓதம் யாவும் முன்கூட்டியே ஆராயப்பட்டிருந்தன என்பது. இரவில் நீந்திச் சென்று மணல் மாதிரி எடுத்து வந்த ஆட்களும் உண்டு.

நம்முடைய அநுபவம் வேறு. அதை நாம் வருத்தத்துடனேயே எழுதுகிறோம். 1971 டிசம்பர் யுத்தத்தின் வெற்றியைக் கொண்டாடாத இந்தியர் இல்லை. அதே யுத்தத்தின் கடைசி நாட்களில், பகைவர் பர்மாவுக்குத் தப்பிப் போகாதபடி தடுப்பதற்காக, காக்ஸ் பஜாருக்குத் தெற்கே ஒரு படையை இறக்க ஏற்பாடு செய்யப்பட்டது. கூர்க்கா வீரர்கள் வியாபாரக் கப்பலொன்றில் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்டு, நடுக்கடலில் அக்காலத்துக் கரியால், குல்தார் என்ற கரை தொடும் கப்பல்களுக்கு மாற்றப்பட்டனர். டிசம்பர் 14-ந் தேதி கப்பல் கரையை நாடிச் சென்றது. எதிர்த்துச் சுட அங்கே எவரும் இல்லை. எதிர்த்தது மணல் ஒன்றே.

அந்தக் கரை வெகு சாதுவான சரிவுடையது. அத்தகைய கரைகளில் கடற்கரைக்குச் சற்று முன்பாகவே ஒரு மணல்திட்டு எழும்பியிருக்கும், திட்டுக்கும் கரைக்கும் இடையே ஒரு வாய்க்கால் போல் ஆழமான நீர் கிடக்கும். கப்பல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. கப்பலின் அடிக்குத் தெரிந்ததெல்லாம் ‘தரை’ என்பதுதான். எந்தத் தரை, அதற்கப்பால் என்ன என்பதை அது எப்படி அறியும்? மாலுமிக்குச் சொல்லவேண்டிய படம் எவரிடமும் இல்லை. கதவைத் திறந்தார்கள். முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியுமாக முதலில் இறங்கிய மலைநாட்டு வீரர்களில் சிலர் அந்த வாய்க்காலில் மூழ்கி இறந்தனர். மற்றவர்கள் நிறுத்தப்பட்டு, பின்னர் உள்ளூர்ப் படகுகளைக் கொண்டு கரை சேர்க்கப்பட்டனர். டிசம்பர் 16-ந் தேதி டாக்காவில் பகைவர் சரணடைந்தபடியால் இந்தக் கதை வெற்றிப் பேரிகையின் ஓசையில் அமிழ்ந்துவிட்டது.

வீரத்தில் குறைவில்லை, கப்பலிலும் குறைவில்லை. கரையை அளந்து பார்ப்பதற்கு நாளும் ஆளும் ஒதுக்கப்படவில்லை. இதைச் சொல்வது படையை நிந்திப்பதாகும் என்று சில நண்பர்கள் கருதக்கூடும். சேதத்தை மறைத்து வைப்பதுதான் மாண்ட வீரருக்குச் செய்யும் அபசாரம் என்பது நமது அபிப்பிராயம்.

யுத்தம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதியை ஞாபகப்படுத்துகிறோம். அன்று நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் நம்மவர் பட்ட பாட்டை நாம் கண்ணாரக் கண்டோம். நமக்கு ரஸ்தா இருந்தது, ரயில் இருந்தது, மறுநாளே உதவி வந்தது. நிக்கோபார்த் தீவினருக்கு வந்த ஆபத்தோ இன்னொரு விதமானது. அவர்களுடைய படகுத் துறைகளே பல இடங்களில் இடிந்து போயின. துறை இல்லாத தீவுக்கு அரிசி மூட்டை எவ்வழியாகப் போகும்? ஹெலிகாப்டர் சில மூட்டைகளைக் கொண்டு போகும். கூடாரம், குடிநீர் இயந்திரம், பாரவண்டி, மண் அள்ளும் இயந்திரம் ஆகியவற்றை மணலில் தலை வைக்கும் கப்பலே கொண்டு சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் அன்று நடந்தது. பூமியே ஏறி இறங்கிற்று. தெற்கே இந்திரா முனை சுமார் 4 மீட்டர் கடலுள் அமிழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியைத் தண்ணீர் சூழ்ந்தது. வடக்கே அந்தமானின் மேலைக் கரைகளில், நீருக்குள் இருந்த பவளப் பாறைகள் நீருக்கு மேல் எழுந்து வெயிலில் வெளுத்தன. முந்திய நாள்வரை ஆழமென்று படத்தில் இருந்த இடம் மறுநாள் பாறையாயிற்று. பழைய அளவைப் படத்தை நம்பி அந்தக் கரைக்குக் கப்பலைக் கொண்டு போவது, ரத்தான பத்திரத்தை நம்பிக் கிரயம் செய்வதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு மழைக்காலமும் சிறிய அளவில் இதையே செய்கிறது. மணல் இன்றிருந்த இடத்தில் அடுத்த வருஷம் இராது.

கரை தொடும் கப்பல் எதற்கு, சமயத்தில் மிதக்கும் துறையொன்றை அமைத்துக்கொள்ளலாமே என்று ஒரு வாதம் உண்டு. காசா விஷயத்தில் அமெரிக்கர் அதைத்தான் செய்தனர். 2024 மே மாதம் 16-ந் தேதி மிதவைகளைக் கோத்த ஒரு துறையை அந்தக் கரையில் பிணைத்தார்கள். அதன் செலவு சுமார் 23 கோடி டாலர் என்று அவர்களே மதிப்பிட்டிருந்தனர். பத்தே நாளில், மே 25-ந் தேதி, கடல் கொந்தளித்துத் துறை பிளந்தது. துணைக்கு நின்ற நான்கு படகுகள் கட்டறுத்துக்கொண்டு கரையில் ஒதுங்கின. பழுது பார்த்தார்கள், மறுபடி கட்டினார்கள், கடல் கொதிக்கும் என்று அஞ்சி மறுபடி அவிழ்த்தார்கள். ஜூலை 17-ந் தேதி அந்த முயற்சி முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அவ்வழியே இறங்கிய உணவு முதலியவை ஏறக்குறைய 9,000 டன். பட்டினி கிடந்த ஜனங்களுக்கு அது கொஞ்சமே. காசாவின் துயரத்துக்கு ராஜீயக் காரணங்கள் வேறு உண்டு, அவற்றை இங்கே விசாரிக்கவில்லை. கரைக்கும் கடலுக்கும் நடுவே நிலையாகப் பிணைத்த எதையும் அலை இரவும் பகலும் முறுக்கிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இங்கே வேண்டியது. கப்பலானால் கடல் கொதிக்கும்போது விலகிப் போய்விட்டு, அடங்கியபின் வரலாம். சீனர் 2025-ல் கால்களைக் கடலடியில் ஊன்றி, நீண்ட பாலத்தை நீட்டும் தோணிகளைப் பரீக்ஷை செய்ததும், மிதவையை அலையின் கையில் விட்டுவிடலாகாது என்று கருதித்தான் போலும்.

ஆகவே பெரிய கப்பல்களை ஆக்ஷேபிப்பது நமது நோக்கமன்று. ஜலாஷ்வா என்ற ஒன்றை 2007-ல் அமெரிக்கரிடம் வாங்கி, அதனால் பல நன்மைகள் அடைந்திருக்கிறோம். பெரிய கப்பல் சுமந்து வந்ததை மணலில் வைக்கும் கை வேண்டும் என்கிறோம். சார்தூல், கேசரி, ஐராவத் மூன்றும் 2007 முதல் 2009 வரை சேர்ந்தவை. அவற்றுக்குப் பின் அந்த அளவில் ஒரு கப்பலும் படையில் சேரவில்லை.

கப்பல் வாங்குவதோடு தீர்ந்துவிடாது. கரை தொட்டுப் பழகாத மாலுமி, அவசரத்தில் முதன்முறையாகத் தொடும்போது கப்பலையும் இழப்பான், ஆட்களையும் இழப்பான். பழகினாலோ அடித்தகடு குழியும், சுக்கான் வளையும், நங்கூரக் கம்பி அறும். உலர்துறைக்குக் கொண்டு போய்ப் பழுது பார்க்கவேண்டும். ஒவ்வொரு பழுதுக்கும் யார் பொறுப்பு என்று விசாரணை நடத்தினால், எந்தத் தளபதி கரைக்குக் கிட்டே போவான்? இந்தக் கப்பலுக்கு மட்டும் அடித் தேய்மானத்தை விபத்துக் கணக்கில் எழுதாமல், வண்டிச் சக்கரத் தேய்மானம் போல் நடப்புச் செலவில் எழுதும் முறை வேண்டும். கணக்கதிகாரிகளுக்கு இது ருசிக்காது.

ஒத்திகைகளும் நடக்கின்றன. அமெரிக்கருடன் 2019, 2024, 2025 வருஷங்களில் சேர்ந்து நடத்திய பெரிய ஒத்திகைகளில் காக்கிநாடாக் கரையே இறங்குமிடமாக இருந்தது. நல்ல கரைதான். ஆனால் பழகிய மணலில் இறங்குவது, கேள்வித்தாளை முன்னமே பார்த்துவிட்டுப் பரீக்ஷை எழுதுவதைப் போன்றது. நிக்கோபாரில், லக்ஷத்தீவில், கோதாவரி முகத்துவாரத்துச் சேற்றில், முன்னறிவிப்பின்றி இறங்கிப் பார்க்கட்டும். 2024-ல் சந்தாயக், நிர்தேஷக் என்ற இரண்டு புதிய கடல் அளவைக் கப்பல்கள் சேர்ந்திருக்கின்றன. அவை ஆழ்கடலையும் துறைமுக வாயில்களையும் அளப்பதோடு நில்லாமல், தம் சிறு படகுகளை முழங்கால் ஆழம்வரை அனுப்பி, ஒவ்வொரு தீவின் மணலையும் மழைக்கு முன்னும் பின்னும் அளக்க உத்தரவிடவேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு கப்பல் விலையில் அற்பம்.

பார்லிமெண்டில் நமது பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. ஓய்வு பெற்ற நான்கு கப்பல்களுக்கு ஈடாக எத்தனை கட்டப்படும், எந்தத் தளத்தில், எப்போது? அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் 2004-க்குப் பின் மறுபடி அளக்கப்பட்ட இறங்குகரைகள் எத்தனை? கடைசியாக எந்த வருஷம் அளந்தார்கள்? ராணுவ ரகசியம் என்று மந்திரியார் பதில் சொல்லக்கூடும். இடங்களின் பெயர்களை நாம் கேட்கவில்லை, எண்ணிக்கையையும் வருஷத்தையும்தான் கேட்கிறோம். இருக்கும் நான்கில் மூத்ததாகிய கரியால் 1997-ல் சேர்ந்தது. 2027-ல் அதற்கு முப்பது வயது நிரம்புகிறது.